யூஸ் கேஸ் இன்னும் எழுதத்தான் வேண்டுமா?

நிரலன்:
எங்கள் மென்பொருள் குழுவுக்குப் புதிதாக வந்த பிஏ (பிசினஸ் அனலிஸ்ட்) எல்லாவற்றுக்கும் யூஸ் கேஸ் எழுதுகிறார். அதாவது, ஒரு வேலை முடிய பயனரும் சிஸ்டமும் என்னென்ன செய்கிறார்கள் என்பதைப் படிப்படியாக எழுதிவைப்பது. லாகினுக்கே நாலு பக்கம். "பயனர் நீல பட்டனை அழுத்துகிறார்" என்பது வரைக்கும் இருக்கிறது. அடுத்த வாரமே ஸ்கிரீன் மாறிவிட்டது, அத்தனையும் வீண். எரிக்சனில் தொலைபேசி இணைப்பகங்களுக்கு மென்பொருள் கட்டிய காலத்தில் இவார் யாக்கோப்சன் உருவாக்கிய முறை இது. இன்றைக்கு யூசர் ஸ்டோரி, அதாவது பயனருக்கு என்ன வேண்டும் என்ற சிறு குறிப்பு, போதும். ரெண்டு வரி எழுதிவிட்டு மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

செல்வி:
பட்டன் நிறத்தை எழுதியது அவர் தவறு, முறையின் தவறு அல்ல. யூஸ் கேஸுக்குள் ஸ்கிரீனே வரக்கூடாது. ஆக்டருக்கு, அதாவது சிஸ்டத்தைப் பயன்படுத்துபவருக்கு, என்ன வேண்டும், அதற்கு சிஸ்டம் என்ன செய்கிறது, அவ்வளவுதான்.

டிக்கெட் பதிவை எடுங்கள். பயணி இருக்கையைத் தேர்கிறார், சிஸ்டம் அதைச் சில நிமிடம் பிடித்துவைக்கிறது, பயணி பணம் கட்டுகிறார், டிக்கெட் உறுதியாகிறது. முதன்மை ஓட்டம் யாருக்கும் தெரிந்ததுதான். இனி ஒவ்வொரு படியிலும் நின்று "இது நடக்காவிட்டால்?" என்று கேளுங்கள். மூன்றாம் படியான பணம் கட்டுவதில் வரும் மாற்றுப் பாதை, 3அ: கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, வங்கியின் பதில் வரவில்லை, அதற்குள் பிடித்துவைத்த நேரம் முடிந்து இருக்கையை வேறொருவர் எடுத்துவிட்டார். இருக்கை யாருக்கு? பணத்தை யார், எப்போது திருப்புவது? முடிவெடுக்க வேண்டியது பிசினஸ் தரப்பு. எழுதிக் கேட்காவிட்டால், ராத்திரி கோட் எழுதும் டெவலப்பர் தலையில்தான் அது விழும்.

நிரலன்:
அதை ஸ்டோரியின் ஏற்பு நிபந்தனையில், வேலை முடிந்ததா என்று சரிபார்க்கும் பட்டியலில், எழுதலாமே? ஸ்டோரி என்றால் குறிப்பு எழுதிய வெறும் கார்டு அல்ல. உரையாடலும் உறுதிப்படுத்தலும் சேர்ந்தது என்று 2001இலேயே மென்பொருள் உருவாக்க முறைகளின் முன்னோடிகளில் ஒருவரான ரான் ஜெஃப்ரிஸ் சொல்லிவிட்டார்.

சோதனையாளர்:
எந்த ஸ்டோரியில்? இருக்கை பிடிப்பது ஒன்று, பணம் கட்டுவது இன்னொன்று, ரெண்டும் வேறுவேறு ஸ்பிரிண்ட் (சில வார வேலைச் சுற்று). தனித்தனியாக டெஸ்ட் செய்தால் ரெண்டுமே பாஸ். 3அ இடையில் விழுந்துவிடும். டெஸ்ட் கேஸ் எழுத மாற்றுப் பாதைகள் எல்லாம் எனக்கு ஒரே இடத்தில் வேண்டும். அப்புறம், நீள்வட்டமும் குச்சி மனிதனும் போட்ட யூஸ் கேஸ் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு "யூஸ் கேஸ் கொடுத்தாயிற்று" என்று சொல்லாதீர்கள். அதை வைத்து ஒரு டெஸ்ட்கூட எழுத முடியாது.

நிரலன்:
சரி, பணம் கைமாறும் இடங்களுக்கு ஒப்புக்கொள்கிறேன். முகவரி மாற்றுவதற்கெல்லாம் எதற்கு?

செல்வி:
அதற்கு ஒரு பத்தி போதும். ஆனால் பழைய முகவரிக்குப் பார்சல் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தால் என்ன செய்வது என்பது அந்தப் பத்தியில் இருக்கும்.

நிரலன்:
அந்த ஒரு வரி ஸ்டோரியிலேயே இருக்கட்டும். இதற்குத் தனி ஆவணம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை.