"டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?" என்று கேட்டார்கள், மோட்டார் ஓடுது என்றேன்

பெரம்பூரிலிருந்து:

மீன் வளர்க்கும் ஆசை வந்த புதிதில், வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் போனேன். முதல் நாள் தொட்டி, மோட்டார், கூழாங்கல் எல்லாம் வாங்கினேன். மறுநாள் மீன் வாங்கப் போனபோது கடை அண்ணன் கேட்டார்: "டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?" தண்ணீர் சுற்றுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "நேத்து ராத்திரியிலேருந்து மோட்டார் ஓடுதுண்ணே" என்றேன். ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் எட்டு கோல்டு ஃபிஷ்ஷைக் கவரில் போட்டு ஆக்ஸிஜன் அடித்துக் கொடுத்துவிட்டார்.

என்னுடையது 2 அடி தொட்டி. 2க்கு 1க்கு 1 என்றால் சுமார் 56 லிட்டர்தான். நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின, செவுள் ரத்தச் சிவப்பு. ஆறாம் நாள் மூன்றுதான் மிச்சம். தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விடுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுதான் வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு தாங்கக்கூடியது. இந்த பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதைவிட வடிகட்டி ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டித்தான் வாழும். போதுமான அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். அதற்குப் பெயர்தான் சைக்கிள். அதற்குள் மீனை விட்டுச் சாகடிப்பதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், நியூ டேங்க் சிண்ட்ரோம்.

இதில் கொடுமை, மிச்சமிருந்த மூன்றைக் காப்பாற்ற நினைத்து ஸ்பாஞ்சை மெட்ரோ தண்ணீர்க் குழாயில் பளிச்சென்று கழுவினேன். அதில் இருக்கும் குளோரின், அப்போதுதான் முளைக்கத் தொடங்கிய பாக்டீரியாவையும் முடித்துவிட்டது. இப்போதெல்லாம் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசுகிறேன். புதுத் தொட்டி வைத்தால் பழைய தொட்டியின் அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டைப் போட்டுவிடுவேன்.

உங்களை எந்தச் சொல் கவிழ்த்தது? எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

எனக்கு ஃப்ரை. கப்பி குட்டி போட்ட சந்தோஷத்தில் நண்பனைக் கூப்பிட்டு, "முப்பது ஃப்ரை இருக்குடா, வேணும்னா வந்து எடுத்துக்கோ" என்றேன். அடுப்படியிலிருந்து அம்மா வந்தார். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுல மீன் வறுத்தியாடா?" மீன் குஞ்சைத்தான் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்க அரை மணி நேரம் ஆனது. இன்றைக்கும் அம்மாவுக்கு அவை "உன் வறுவல்"தான்.

அதைவிட என்னைக் குழப்பியது வேறு. நான் வாங்கியது ஒரே ஒரு பெண் கப்பி. வீட்டில் ஆணே கிடையாது. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறை என்று நான்கு தடவை குட்டி போட்டாள். கடையிலேயே ஆணோடு சேர்ந்திருக்கிறாள், அந்த விந்தை உடம்பில் சேமித்து வைத்து மாதக்கணக்கில் பயன்படுத்துவாளாம். போட்ட கையோடு குட்டியைத் தின்னவும் செய்வாள். அதனால் ஜாவா பாசி அடர்த்தியாகக் கிடக்க வேண்டும்.

கோவையிலிருந்து:

கார்த்திகைக் குளிரில் என் மீன்கள் மேல் கல் உப்பைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகள். கடைக்காரருக்கு போன் போட்டால் "இக் வந்திருக்கும் சார்" என்றார். மீனுக்குக்கூட விக்கல் வருமா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல் மருந்து சொன்னார், அதற்கு நன்றி.

மூன்று நாள் ஊற்றினேன், புள்ளி போனது, நிறுத்திவிட்டேன். பத்தே நாளில் இரண்டு மடங்காகத் திரும்பியது. இக் என்பது இந்த வெள்ளைப் புள்ளி நோயின் பெயர். அந்தப் புள்ளி ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும்போது மருந்து அதைத் தொடாது. கொழுத்ததும் உதிர்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பிரியும், அப்போதும் தொடாது. அந்தக் குட்டிகள் வேறு மீனைத் தேடி நீந்தும் சிறிது நேரத்தில்தான் மருந்துக்கு அவை அகப்படும். ஆக, புள்ளி மறைவது குணமானதாகாது, ஒட்டுண்ணி அடுத்த தலைமுறைக்குத் தயாராகிறது என்றும் அர்த்தமாகலாம். புள்ளி போன பிறகும் மருந்தைத் தொடர வேண்டும்.

இரண்டாவது சுற்றில் கோபத்தோடு முழு அளவு மருந்து போட்டதில் லோச் இரண்டும் போய்விட்டன. லோச் என்றால் நம் அயிரைக்குச் சொந்தக்காரர்கள். செதில் மிக நுண்ணியது என்பதால் மருந்து அவற்றைச் சீக்கிரம் தாக்கும். இப்போது புது மீன் வந்தால் தனி டப்பில் நான்கு வாரம் குவாரண்டைன். கொரோனாவுக்குப் பிறகு அந்தச் சொல்லை மட்டும் வீட்டில் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சேலத்திலிருந்து:

எனக்கு டேங்க் கிளீனர்! தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிற மீன். இரண்டு அங்குலக் குட்டியாக வாங்கினேன். பாசியைக் கொஞ்சம் சுரண்டியது உண்மை. அது போட்ட எச்சத்தை யார் சுத்தம் செய்வது? ஒரு அடிக்கு மேல் வளர்ந்துவிட்டது. தொட்டி தாங்க வேண்டிய கழிவுச் சுமைக்கு பயோலோடு என்று பெயர். என் தொட்டியில் மற்ற பன்னிரண்டு மீனும் சேர்ந்து தருவதைவிட இவன் ஒருவன் தருவது அதிகம். ஏரியில் விட்டுவிடலாமே என்றார் பக்கத்து வீட்டுக்காரர். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். தென்னமெரிக்க மீன் அது, நம் நீர்நிலைகளில் ஏற்கெனவே பெருகி வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் கிணத்துத் தண்ணிதான். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்தலில் வெள்ளையாகப் படியும். கொழும்பில் மீன் வாங்கும்போது "உங்கட தண்ணி ஹார்ட் வோட்டரோ?" என்று கேட்டார்கள். உவர்த் தண்ணியைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, இல்லை, குடிக்கிற நல்ல தண்ணி என்றேன். உப்புக் கரிக்கிறது வேறு, கல்சியமும் மக்னீசியமும் கூடினது வேறு என்று பிறகுதான் விளங்கியது. அந்தக் கணக்குக்குத்தான் ஜி.எச். என்று பெயர். டி.டி.எஸ். மீற்றர் கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் காட்டும், எது உப்பு எது சுண்ணாம்பு என்று அதுக்குத் தெரியாது.

வாங்கினது பிளாக் ரூபி பார்ப். எங்கட நாட்டு மீன்தானே, எங்கட தண்ணி ஒத்துவராமலா போகும் என்று விட்டேன். ஆனால் அது தென்மேற்கு ஈரவலய ஓடைகளின் மென்மையான தண்ணியில் பிறந்தது. சாகவில்லை, ஆனால் ஒரு வருசம் சாம்பல் நிறத்திலேயே கிடந்தது. மாரிக்கு மழைத்தண்ணி பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். ஆண் மீன்கள் தலைப்பக்கம் சிவந்து பின்பக்கம் கறுத்து நின்றதைப் பார்க்க வேணும். கப்பி, மொல்லிக்கு இந்தப் பாடு ஒன்றும் தேவையில்லை, அதுகளுக்குக் கிணத்துத் தண்ணியே தேன்.

திருச்சியிலிருந்து:

யாழ்ப்பாணத் தம்பி மழைத்தண்ணீர் கலப்பதைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. அளவோடு கலங்கள், கே.எச். மேல், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அளவின் மேல், ஒரு கண் இருக்கட்டும். பி.எச். சரிந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அதுதான். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அமிலம் உண்டாகி அந்தத் தாங்கு தேய்ந்துகொண்டே வரும்.

நான்கு வருடமாக ஓடிய ஏஞ்சல் மீன் தொட்டி என்னுடையது. தண்ணீர் மாற்றவே மாட்டேன். வற்றிய அளவுக்குச் சமையலறை ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவேன், நல்ல தண்ணீர்தானே என்று பெருமை வேறு. அதில் கே.எச். கிட்டத்தட்ட இல்லை. பி.எச். சத்தமில்லாமல் 6க்குக் கீழே போயிருக்கிறது. அந்த நிலையில் பாக்டீரியா சோர்ந்துவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது அம்மோனியம் என்ற சாது வடிவத்தில் இருப்பதால் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை நான் வெளியூர் போன நேரம், தங்கை மகன் மாமாவுக்கு ஆச்சரியம் கொடுக்கலாம் என்று முக்கால் தொட்டியை இறைத்து போர் தண்ணீர் நிரப்பியிருக்கிறான். எங்கள் போர் தண்ணீரின் பி.எச். 8. பி.எச். 6ல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. 8ஐ நெருங்கும்போது, நம் ஊர் 30 டிகிரி சூட்டில், நூற்றில் ஐந்தாறு பங்கு விஷமாகிவிடும். மிச்சம் கால் தொட்டியில் இருந்ததே போதுமானதாக இருந்தது. கூடவே தண்ணீரின் தன்மையே ஒரே மூச்சில் மாறிய அதிர்ச்சியும். ஞாயிறு காலை வந்தபோது தொட்டி கடையில் வைத்த மாதிரி பளபளத்தது, ஆறு ஏஞ்சலும் மிதந்தன.

இதற்கு ஓல்டு டேங்க் சிண்ட்ரோம் என்று பெயர் என்பதைப் பிறகு படித்தேன். பையன் செய்தது தப்பே இல்லை, நான்கு வருடச் சோம்பல் என்னுடையது. ஆனால் அவனிடம் இன்றுவரை ராத்திரி கரண்ட் போய் மோட்டார் நின்றுவிட்டது என்றே சொல்லி வைத்திருக்கிறேன். அவனும் இப்போது மீன் வளர்க்கிறான், இந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும்.