கைரேகை பதியாவிட்டால் ரேஷன் அரிசியை மறுக்கலாமா?

தேவிகுளத்துக்காரன்:
மூணாறு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் என் தாயார் தனியாக வசிக்கிறார். இளவயது முதல் கொழுந்து பறித்தே விரல் நுனிகள் தேய்ந்துவிட்டதால், ரேஷன் கடை இயந்திரத்தில் அவருடைய ரேகை பெரும்பாலும் பதிவதில்லை. ஓடிபி வரும் கைப்பேசியோ வெளியூரில் வேலை பார்க்கும் என்னிடம் இருக்கிறது. ரேஷன் அட்டையும் ஆதாரும் கையில் வைத்திருப்பவரை, ரேகை விழவில்லை என்று வெறுங்கையோடு அனுப்ப விதி இடம் தருகிறதா?

பீர்மேடு வாசகி:
தரவில்லை, ஐயா. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ரேஷன் அட்டை ரத்தான குடும்பத்துச் சிறுமி 2017 செப்டம்பரில் இறந்தாள். பட்டினியால்தான் இறந்தாள் என்று தாய் கூறியது நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு, அக்டோபர் 24 அன்று மத்திய உணவுத் துறை எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தல் அனுப்பியது. ரேகை தெளிவாக இல்லாததாலோ இணைப்பு கிடைக்காததாலோ சரிபார்ப்பு தோற்றால், ரேஷன் அட்டையையும் ஆதாரையும் நேரில் பார்த்துப் பொருளைக் கொடுத்து, அதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதே அதன் சாரம். இயந்திரத்தின் தோல்வியை ஏழைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது அநியாயம்.

எல்லப்பட்டி:
விரலின் மேடு பள்ளங்களைத்தான் கருவி படிக்கிறது. அவை மழுங்கிய விரலில் அதற்குப் படிக்க ஒன்றும் இல்லை. அக்ஷயா என்ற அரசு இ-சேவை மையத்தில் ரேகையைப் புதுப்பித்தாலும், தொடர்ந்து கொழுந்து பறிப்பவருக்கு அது நெடுநாள் நிற்காது. கருவிழிப் பதிவு இதைவிட நம்பகமானது. 2024-இல் கேரளத்தில் ரேஷன் பயனாளிகளின் அடையாளத்தைச் சரிபார்க்கும் மஸ்டரிங் நடந்தபோது ரேகை பதியாதவர்களுக்கு அந்த வழி இருந்தது. தோட்டப் பகுதிக் கடைகளில் அந்தக் கருவியை நிரந்தரமாகவே வைக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

மறையூரான்:
முன்பு நம் பெயரில் பொய்க்கணக்கு எழுதி அரிசியை வெளியில் விற்றதைத் தடுக்கத்தான் இந்த இயந்திரம் வந்தது என்பதால், அதை அடியோடு நீக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மறுப்பை வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மறுத்த தேதியைக் குறித்து, தாலுகா சப்ளை ஆபீசருக்கு (வட்ட வழங்கல் அலுவலர்) எழுத்துமூலம் புகார் கொடுங்கள். அம்மாவுடையது ஏழைக் குடும்பங்களுக்கான முன்னுரிமை அட்டையாக இருந்தால், 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, உரிய தானியம் கிடைக்காதவருக்கு மாநில அரசு உணவுப் பாதுகாப்புப் படித்தொகை தர வேண்டும். அதையும் புகாரில் கேளுங்கள். மலையாளம் எழுத வராது என்று தயங்கவும் வேண்டாம். மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும் உரிமையைக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் நமக்கு வழங்கியிருக்கிறது.