அப்டேட்: நிறம் மாறுற கண்ணாடி செல், இப்ப அயானிக் லிக்விடோட

போன மாசம் புலம்பியிருந்தேன்ல, வோல்டேஜ் குடுத்தா நீலமாகற, டங்ஸ்டன் ஆக்சைடு பூசின ஐடிஓ கண்ணாடி (மின்சாரம் கடத்தற, ஒளி ஊடுருவற பூச்சு போட்ட கண்ணாடி) செல், உள்ள அயனிகளைக் கடத்த புரொப்பிலீன் கார்பனேட்டுங்கற கரைப்பானும் லித்தியம் பெர்குளோரேட்டுங்கற உப்பும், ரெண்டே வாரத்துல ஓரமெல்லாம் காஞ்சு குமிழி வந்துடுச்சுன்னு. கமெண்ட்ல ஒருத்தர் அயானிக் லிக்விட் போட்டுப் பாருங்கன்னார், அது உப்புதான், ஆனா ரூம் டெம்பரேச்சர்லயே திரவமா இருக்கும், ஆவியாகறதுங்கற பேச்சே கிட்டத்தட்ட இல்ல.

சரின்னு இஎம்ஐஎம்-டிஎஃப்எஸ்ஐங்கற அயானிக் லிக்விட் வாங்கி அப்படியே ஊத்தினேன். சுத்தமா சொதப்பல், நீலமே சரியா ஏறல. அப்புறம்தான் மண்டைல உறைச்சது, டங்ஸ்டன் ஆக்சைடு நீலமாகணும்னா எலக்ட்ரானோட கூடவே லித்தியம் மாதிரி குட்டி அயனி ஒண்ணு அந்த படலத்துக்குள்ள நுழையணும், இந்த திரவத்துல இருக்கற நேர்மின் அயனியான இமிடசோலியம் ஆளு பெருசு, அதுக்கு அந்த சந்துல எங்க இடம். லித்தியம் டிஎஃப்எஸ்ஐங்கற லித்தியம் உப்பு கொஞ்சம் கரைச்சு விட்டதும் நீலம் அழகா வந்துச்சு!

ஆனா ஓசில எதுவும் கிடைக்காதே. ஏற்கனவே கெட்டியான திரவம், லித்தியம் உப்பு சேர்த்தா இன்னும் கெட்டியாகுது, அதனால நிறம் மாறறது பழைய செல்லை விட மந்தம்தான். ஜன்னலுக்கு ஓகே, டிஸ்ப்ளேக்கு நான் யோசிப்பேன்.

இன்னொண்ணு, ஈரப்பதம். இந்த திரவம் காத்துல இருந்து தண்ணிய இழுத்துக்கும், அப்புறம் வோல்டேஜ் ஏத்தினா அந்த தண்ணிதான் முதல்ல உடையும், திரும்ப குமிழி. ராத்திரி பூரா வேக்யூம் அவன்ல காயவெச்சுட்டு சீல் பண்ணினேன்.

பெர்குளோரேட்டுக்குப் பதிலா பிஎஃப்4 (டெட்ராஃபுளோரோபோரேட்) உப்பு ஓகேவான்னு கேட்டவருக்கு: தண்ணி பட்டா ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரலாம், கண்ணாடியவே அரிக்கும், வேணாம் பாஸ்.