நோர்வேஜியக் கூட்டுப் பெயர்ச்சொற்கள்: அசையால் பிரிப்பதா, சொல்லால் பிரிப்பதா?

கேள்வி: வடதிசை

அனைவருக்கும் வணக்கம். நான் நோர்வேஜிய மொழியை பூக்மோல் எழுத்து வழக்கில் படித்து வருகிறேன். தனிச்சொற்களும் வாக்கிய அமைப்பும் ஓரளவு பிடிபட்டுவிட்டன. ஆனால் இடைவெளியே இல்லாமல் சேர்த்தெழுதப்படும் நீண்ட பெயர்ச்சொல் ஒன்று எதிர்ப்பட்டால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடத்தை 'ஸ்யூகெயெம்ஸ்ப்ளாஸ்' என்கிறார்கள். இதை நான்கு அசைகளாக உச்சரிக்க எனக்கு வருகிறது. ஆயினும் நடுவில் நிற்கும் 'எஸ்' என்ற எழுத்து முன்னுள்ள சொல்லுக்கு உரியதா, பின்னுள்ள சொல்லுக்கு உரியதா என்பது விளங்கவில்லை. 'ஸ்ப்ளாஸ்' என்றே ஒரு சொல் இருக்குமோ என்று அகராதியைப் புரட்டவும் தோன்றுகிறது. அசை பிரியும் இடமும் சொல் பிரியும் இடமும் ஒன்றுதானா? அந்த 'எஸ்' எப்போது வரும், எப்போது வராது? வரியின் இறுதியில் இத்தகைய சொல்லை உடைக்க நேர்ந்தால் எங்கே உடைப்பது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: சாரியை

வடதிசை அவர்களுக்கு வணக்கம். அசை வேறு, சொல்லுறுப்பு வேறு என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். மழலையர் பள்ளி ஆசிரியரைக் குறிக்கும் 'பார்னெஹாகெலாரெர்' என்ற சொல்லில் அசைகள் ஆறு, சொற்களோ மூன்றுதான்: குழந்தையைக் குறிக்கும் 'பார்ன்', தோட்டத்தைக் குறிக்கும் 'ஹாகெ', ஆசிரியரைக் குறிக்கும் 'லாரெர்'. 'பார்ன்' என்பதற்கும் 'ஹாகெ' என்பதற்கும் இடையில் வரும் 'எ' என்ற உயிர் தனக்கென்று பொருள் இல்லாமல் இரண்டையும் இணைப்பதற்காக மட்டும் நிற்கிறது. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதன்று. நாம் சாரியை என்று அழைப்பதும் இத்தகைய உறுப்பையே. நோர்வேஜியத்தில் பெருவழக்காக உள்ள சாரியைகள் 'எஸ்', 'எ' ஆகிய இரண்டு.

நீங்கள் கேட்ட சொல்லை வலப்பக்கத்திலிருந்து பிரித்துப் பாருங்கள். இடத்தைக் குறிக்கும் 'ப்ளாஸ்' என்பது வருமொழி, பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும் 'ஸ்யூகெயெம்' என்பது நிலைமொழி, இடையில் உள்ள 'எஸ்' சாரியை. சாரியை எப்போதும் நிலைமொழியோடுதான் ஒட்டி நிற்கும். எனவே வரியின் இறுதியில் 'ஸ்யூகெயெம்ஸ்' என்று எழுதிச் சிறுகோடிட்டு, அடுத்த வரியை 'ப்ளாஸ்' என்று தொடங்க வேண்டும். வலப்பக்கத்திலிருந்து பிரிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் மல்லிகைத்தோட்டம் என்பது ஒரு வகைத் தோட்டமே என்பதுபோல, அங்கும் தலைமைச் சொல் இறுதியில்தான் வரும், பால் விகுதியையும் அதுவே தீர்மானிக்கும். 'பார்ன்' அஃறிணைப்பால் சொல்லாக இருந்தாலும் 'ஹாகெ' ஆண்பால் சொல் என்பதால் 'பார்னெஹாகெ' என்ற முழுச்சொல்லும் ஆண்பாலாகிவிடுகிறது.

சாரியையின் உண்மையான பயன் மூன்று உறுப்புகள் சேரும்போதுதான் தெளிவாகத் தெரியும். திராட்சை மதுக் கோப்பை 'வீன்கிளாஸ்' எனப்படும், அதில் சாரியை இல்லை. சிவப்புத் திராட்சை மதுவுக்கான கோப்பையோ 'ரோவீன்ஸ்கிளாஸ்' எனப்படும், அதில் 'எஸ்' வந்துவிடுகிறது. நிலைமொழியே 'ரோ', 'வீன்' என்ற இரண்டின் கூட்டாக இருப்பதால், முதன்மையான பிரிவு 'ரோவீன்' என்பதற்குப் பின்னால் இருக்கிறது என்பதை அந்த 'எஸ்' காட்டுகிறது. அதாவது சிவப்பாக இருப்பது மது, கோப்பை அன்று. மேசை விளக்கு 'பூர்லாம்பெ', எழுதுமேசை விளக்கு 'ஸ்க்ரீவெபூர்ஸ்லாம்பெ' என்பதிலும் இதே முறை செயல்படுகிறது. ஒற்றை எழுத்தைக் கொண்டு சொல்லின் உள்கட்டமைப்பை வெளிப்படுத்தும் இந்த ஒழுங்கு, என் பார்வையில், அம்மொழியின் மிக அழகிய கூறுகளுள் ஒன்று.

மறுமொழி: மேற்குக்கரை

சாரியை அவர்கள் எழுத்தைப் பற்றிச் சொன்னவற்றோடு ஒலியைப் பற்றியும் சிறிது சேர்க்க விரும்புகிறேன், ஏனெனில் கற்பவர்கள் பெரிதும் தடுமாறுவது காதால் கேட்கும்போதுதான். ஒஸ்லோ உள்ளிட்ட கிழக்கு நோர்வேயின் பேச்சில் 'ஆர்' எழுத்தை அடுத்து 'எஸ்' வந்தால் இரண்டும் கலந்து, நாவை மடித்து ஒலிக்கும் 'ஷ்' போன்ற ஒரே ஒலியாகிவிடும். ஆண்டைக் குறிக்கும் 'ஓர்' என்பதோடு 'எஸ்' சாரியையும், காலத்தைக் குறிக்கும் 'தீட்' என்பதும் சேர்ந்து பருவகாலத்தைக் குறிக்கும் சொல்லாகும்போது, காதில் விழுவது 'ஓஷ்தீட்' என்பதுதான். நிலைமொழி ஈற்றையும் சாரியையையும் அங்கே காதால் பிரிக்கவே முடியாது. பேர்கன் நகரப் பேச்சில் 'ஆர்' உள்நாவிலிருந்து எழுவதால் இந்தக் கலப்பு நேர்வதில்லை.

காதுக்கு உறுதியான துணையாக நிற்பது அழுத்தமே. கூட்டுச்சொல்லின் முதன்மை அழுத்தம் பொதுவாக முதல் உறுப்பில் விழும், அடுத்த உறுப்பு தணிந்த அழுத்தத்தோடு பின்தொடரும். 'நோர்ஷ்க்லாரெர்' என்று சேர்த்து ஒரே அழுத்தத்தோடு சொன்னால் நோர்வேஜிய மொழிப் பாடத்தைக் கற்பிப்பவர் என்று பொருள். இரண்டு சொற்களாக்கி இரண்டிலும் அழுத்தம் கொடுத்தால் நோர்வே நாட்டவரான ஓர் ஆசிரியர் என்று பொருள், அவர் கணிதம் கற்பிப்பவராகவும் இருக்கலாம். எழுத்தில் தேவையற்ற இடைவெளி விடுவதை அந்நாட்டினர் கடுமையாகக் கண்டிப்பதற்கு இதுவே காரணம். அன்னாசித் துண்டுகளைக் குறிக்கும் 'அனனாஸ்பீத்தெர்' என்ற சொல்லை இரண்டாக உடைத்தால் 'அன்னாசி கடிக்கிறது' என்ற வாக்கியமாகிவிடும்.

வரி உடைப்பில் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று உண்டு. இரவைக் குறிக்கும் 'நத்' என்ற சொல் இரண்டு 'டி' எழுத்துகளில் முடிகிறது, தொடர்வண்டியைக் குறிக்கும் 'தோக்' என்பதும் 'டி'யிலேயே தொடங்குகிறது. ஒரே மெய்யெழுத்தை மூன்று முறை அடுத்தடுத்து எழுதுவதில்லை என்பதால், இரவுத் தொடர்வண்டியைக் குறிக்கும் கூட்டுச்சொல்லில் இரண்டு 'டி' மட்டுமே இருக்கும். ஆனால் வரியின் இறுதியில் உடைக்கும்போது மறைந்த எழுத்து மீண்டும் வரும்: மேல் வரியில் இரண்டு, கீழ் வரியில் ஒன்று. பேருந்து ஓட்டுநரைக் குறிக்கும் 'பூஸ்ஷோஃபோர்' என்ற சொல்லின் 'எஸ்' எழுத்துகளுக்கும் இதே விதிதான். இத்தகைய சொற்களில் இரட்டை மெய்க்கு நடுவே பிரித்துப் பார்த்தால் முதல் உறுப்பு தவறாகத் தெரியும் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

வடதிசை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓர் ஐயம் எஞ்சியுள்ளது. காற்பந்தாட்டத்தைக் குறிக்கும் 'ஃபுட்பால்' என்பதும் கால், பந்து என்ற இரண்டின் கூட்டுதான். ஆனால் காற்பந்துப் போட்டியைக் குறிக்கும் 'ஃபுட்பால்காம்ப்' என்ற சொல்லில் 'எஸ்' காணப்படவில்லையே. பணிச்சூழல் சட்டத்தின் பெயரான 'ஆர்பைட்ஸ்மில்யோலூவென்' என்பதிலும் முதலில் வந்த 'எஸ்' இரண்டாவது இணைப்பில் வரவில்லை.

மறுமொழி: சாரியை

நல்ல கேள்வி. நான் சொன்னது வலுவான போக்கே தவிர விலக்கில்லாத விதி அன்று. பணிச்சூழல் சட்டத்தின் பெயரில் 'ஆர்பைட்' என்பதற்கும் 'மில்யோ' என்பதற்கும் இடையில் 'எஸ்' வருகிறது, ஆனால் 'மில்யோ' உயிரொலியில் முடிவதால் அதன் பின்னால் 'எஸ்' வருவதில்லை. 'பார்னெஹாகெ' என்பதற்கும் 'லாரெர்' என்பதற்கும் இடையில் சாரியை இல்லாமல் போனதற்கும் இதுவே காரணம். நிலைமொழி ஏற்கெனவே 'எஸ்' ஒலியில் முடிந்தாலும் சாரியை வராது, மருத்துவமனை மருத்துவரைக் குறிக்கும் 'ஸ்யூகெஹூஸ்லேகெ' அதற்குச் சான்று. 'ஃபுட்பால்' இந்த இரண்டு வகையிலும் அடங்காது. பேசுபவர்கள் அதை இரண்டு சொற்களின் கூட்டாக எண்ணாமல் ஒற்றைச் சொல்லாகவே கையாளுகிறார்கள் என்று கொள்வதே பொருத்தமாக எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மாறாக, சில விகுதிகளுக்குப் பின்னால் 'எஸ்' ஏறக்குறைய உறுதியாக வரும். 'ஹேட்', 'டொம்', 'ஷூன்', 'இங்' போன்ற விகுதிகளில் முடியும் நிலைமொழிகள் அத்தகையவை. காதல் கடிதம் 'ஷார்லிஹேட்ஸ்ப்ரேவ்' என்றும், ஆளுங்கட்சி 'ரெயேரிங்ஸ்பர்தீ' என்றும் வழங்குகின்றன. 'எ' சாரியைக்கும் ஒரு வரம்பு உண்டு. கிறிஸ்துமஸ் மரம் 'யூலெத்ரே', ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை 'யூலாஃப்தென்'. பின்னதில் வருமொழி உயிரில் தொடங்குவதால் சாரியைக்கு இடமில்லை. விரைவான பேச்சில் 'யூல்' என்பதன் ஈற்று மெய்மேல் அந்த உயிர் ஏறுவதுபோல் கேட்கலாம், என்றாலும் வரியின் இறுதியில் உடைக்கும்போது 'யூல்' ஒரு வரியிலும் 'ஆஃப்தென்' அடுத்த வரியிலும்தான் நிற்க வேண்டும்.