தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குச் சிகிச்சை: வழிகாட்டுங்கள்

வணக்கம். இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுடன் பணியாற்றிய மனநல ஆலோசகர்கள் இக்குழுவில் இருந்தால் எனக்கு உதவி வேண்டும்.

என் அம்மா அப்படித் தப்பியவர். நடந்ததைப் பற்றி எங்களிடம் வாய் திறந்ததே இல்லை. ஆனால் சான்றிதழ்களும் மாற்றுடையும் அடங்கிய பை ஒன்று வாசலருகே எப்போதும் தயாராக இருக்கும். இப்போது தங்கைக்குத் தூக்கமில்லை. கதவு படாரென்று சாத்தினாலே நடுங்குகிறாள். அவள் பிறந்ததோ எல்லாம் முடிந்த பிறகு. “நீ எதைப் பார்த்தாய்?” என்று உறவினர்கள் கேட்கும்போது எனக்குத்தான் கோபம் வருகிறது.

யூத இனப்படுகொலையில் தப்பியவர்களின் பிள்ளைகளிடம் இத்தகைய துயரம் இருப்பதைக் கனடாவில் 1966-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல ஆய்வாளர் ரேச்சல் யெஹூடா குழுவினரின் 2015 ஆய்வு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் பெற்றோர், பிள்ளைகள் இரு தரப்பிலும் ஒரே இடத்தில் வேதிமாற்றங்களைக் கண்டது. ஆனால் ஆராயப்பட்டவர்கள் மிகச் சிலரே. வீட்டின் மௌனமும் வளர்ப்பு முறையும் அச்சத்தைக் கடத்தும் என்பதே எனக்கு நம்பும்படியாக இருக்கிறது.

அம்மாவைக் கிளறாமல் தங்கைக்கு மட்டும் சிகிச்சை தொடங்கலாமா? குடும்பமாகச் செல்வது நல்லதா? ஆலோசகருக்கு இத்துறையில் அனுபவம் உண்டா என்பதை முதல் சந்திப்பிலேயே எப்படிக் கண்டுகொள்வது? ஏற்கெனவே ஒருவர், “பழையதை மறந்துவிடுங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

இணையவழியில் தமிழில் பேசும் ஆலோசகர் யாரேனும் தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். தியானம் செய்யச் சொல்லும் அறிவுரை மட்டும் வேண்டாம். அது நிறையவே கிடைத்துவிட்டது.