துபாயில் கார் இல்லாமல்: கராமா – அல் கூஸ் தினமும் பஸ்ஸில் போய்வர முடியுமா?

புதுவரவு:

வணக்கம். அடுத்த மாதம் துபாயில் வேலைக்குச் சேர்கிறேன். கராமாவில் பெட்ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு), ஆபீஸ் அல் கூஸ் இண்டஸ்ட்ரியல் ஏரியா. கம்பெனி வண்டி கிடையாது. லைசென்ஸ் எடுக்கும்வரை பஸ், மெட்ரோதான் வழி. வாரத்தில் 6 நாள் வேலை, காலை 8 மணிக்குள் கார்டு பஞ்ச் பண்ணியாக வேண்டும். மாதம் எவ்வளவு ஆகும்? எந்த கார்டு வாங்குவது? கூகுள் மேப் 50 நிமிடம் என்கிறது, அதை நம்பலாமா?

கராமா_பார்க்:

முதலில் கார்டு. பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், டிரைவரிடம் டிக்கெட்டும் இல்லை. நோல் கார்டு (துபாய் பஸ், மெட்ரோவுக்கான கட்டண அட்டை) இல்லாமல் ஏறவே கூடாது. சில்வர் நோல் 25 திர்ஹாம், அதில் 19 திர்ஹாம் உள்ளே பேலன்ஸாக இருக்கும். சிவப்புத் தாள் டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் 1 திர்ஹாம் கூடுதல், மெட்ரோவுக்கு எடுத்தது பஸ்ஸுக்குச் செல்லாது. சுற்றுலாக்காரர்களுக்கானது, உங்களுக்கு வேண்டாம். கோல்டு கார்டும் வேண்டாம், மெட்ரோவில் இரண்டு மடங்கு பிடிக்கும்.

கட்டணம் தூரத்தை வைத்து அல்ல, மண்டலத்தை வைத்து. ஒரே மண்டலத்துக்குள் 3 திர்ஹாம், ஒட்டிய இரண்டு மண்டலம் என்றால் 5, அதற்கு மேல் எத்தனை தாண்டினாலும் 7.50. கராமா 6-ம் மண்டலம், அல் கூஸ் 2-ம் மண்டலம், இரண்டும் ஒட்டியவை. ஆக ஒரு வழிக்கு 5 திர்ஹாம். தேராவில் ரூம் எடுத்திருந்தால் (5-ம் மண்டலம்) இதே வேலைக்கு 7.50 ஆகியிருக்கும். ரூம் பார்ப்பவர்கள் வாடகையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுவது நல்லது.

ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை கார்டைத் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் அதிகபட்சக் கட்டணம் போகும். ஏறும்போது தட்டாமல் செக்கரிடம் மாட்டினால் 200 திர்ஹாம். பச்சை விளக்கும் பீப் சத்தமும் வந்ததா என்று பாருங்கள். கூட்டத்தில் கையை மட்டும் நீட்டிவிட்டு "தட்டினேனே" என்று சொன்னால் எடுபடாது.

முன்பக்க சீட்டுகள் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும். பஸ் காலியாக இருந்தாலும் ஆண்கள் பின்னால் போய் உட்காருவதுதான் வழக்கம்.

லேண்ட்சைடு:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் உங்கள் பிரச்சினை கட்டணம் இல்லை, கடைசி 2-3 கிலோமீட்டர்.

பர்ஜுமான் அல்லது ஏடிசிபி நிலையத்தில் மெட்ரோ ரெட் லைன் ஏறுங்கள். ரயில் கடைசியில் எங்கே போகிறது என்ற குழப்பம் வேண்டாம், பாதை இரண்டாகப் பிரிவது ஜெபல் அலிக்கு அப்புறம்தான். அல் கூஸ் இண்டஸ்ட்ரியல் 1 முதல் 4 வரை இருக்கிறது. உங்கள் ஆபீஸ் எந்த நம்பர் என்பதைப் பொறுத்துத்தான் இறங்கும் நிலையம். அங்கிருந்து எஃப் என்று தொடங்கும் ஃபீடர் பஸ், அதாவது மெட்ரோ நிலையத்தைச் சுற்றுப்பகுதியோடு இணைக்கும் பஸ்.

ஷேக் சாயித் சாலையில் நிலையத்துக்கு இரண்டு பக்கமும் பஸ் ஸ்டாப் உண்டு. ஒன்று சீசைடு, மற்றது லேண்ட்சைடு. கடல் பக்கம் ஜுமைரா, உள்நாட்டுப் பக்கம் அல் கூஸ். தப்பான பக்கம் இறங்கிவிட்டால் திரும்ப மேலே ஏறி, நடைபாலம் வழியாகத்தான் மறுபக்கம் போக முடியும். அந்தப் பாலம் டிக்கெட் கேட்டுக்கு வெளியே இருக்கிறது, கார்டு தட்டத் தேவையில்லை. அவசரத்தில் ஓடிக் கடக்கலாம் என்று நினைக்காதீர்கள். கண்ட இடத்தில் சாலை கடந்தால் அபராதம். அந்தச் சாலையில் அபராதம் கட்ட உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

கூகுளின் 50 நிமிடம் ஃபீடரைச் சரியாகப் பிடித்தால் மட்டும். சில ஃபீடர் அரை மணிக்கு ஒன்றுதான். மெட்ரோவில் வெளியே தட்டியதிலிருந்து 30 நிமிடத்துக்குள் பஸ்ஸில் தட்டினால் இரண்டும் ஒரே பயணம், மொத்தம் 5 திர்ஹாம். பஸ் வராமல் 30 தாண்டிவிட்டால் புதுப் பயணம், இன்னொரு 3 திர்ஹாம். நடுவில் டீ குடிக்கப் போகிறவர்கள் மாட்டுவது இங்கேதான். ஆகவே மெட்ரோவை ஃபீடர் நேரத்துக்கு ஏற்றபடி பின்னோக்கித் திட்டமிடுங்கள்: 7.45-க்கு ஆபீஸ் வாசல், அதற்கேற்ற ஃபீடர், அதற்கு 10 நிமிடம் முன்னால் நிலையத்தில் இறங்குவது. ஆர்டிஏவின் (துபாய் போக்குவரத்து ஆணையம்) சுஹைல் ஆப்பில் பஸ் எப்போது வரும் என்று பார்க்கலாம்.

இன்னொன்று. மெட்ரோ நிலையப் பெயர்கள் விளம்பர ஒப்பந்தத்தால் மாறிக்கொண்டே இருக்கும். அல் ஜாஃபிலியா இப்போது மேக்ஸ். அல் சஃபா பிறகு ஆன்பாசிவ் ஆனது. பழைய ஆள் சொல்லும் பெயர் போர்டில் இருக்காது, ஆபீஸில் வழி கேட்டால் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

கணக்குப்புலி:

பாஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. சில்வர் கார்டில் 30 நாள் பாஸ்: ஒரு மண்டலம் 140, இரண்டு மண்டலம் 230, எல்லா மண்டலமும் 350.

உங்களுக்கு நாளுக்கு 10 திர்ஹாம். 23 நாள் போனால் 230, சமம். 26 நாள் என்றால் 260, பாஸில் 30 மிச்சம். ஆனால் 30 நாள் என்பது விடாமல் ஓடும் 30 நாள். நடுவில் ஈத் விடுமுறை வந்தால், அல்லது யாராவது நண்பர் வாரம் இரண்டு நாள் வண்டியில் ஏற்றிக்கொண்டால், பாஸ் நஷ்டம். முதல் மாதம் பாஸ் எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. 350 பாஸ் உங்களுக்கு எந்தக் கணக்கிலும் கட்டாது.

புதுவரவு:

மிக்க நன்றி. ஆபீஸ் இண்டஸ்ட்ரியல் 3. வார விடுமுறை வெள்ளிக்கிழமை என்கிறார்கள். ஷார்ஜாவில் மாமா வீடு இருக்கிறது, அதற்கும் இதே கார்டுதானா?

லேண்ட்சைடு:

விடுமுறை வெள்ளி என்றால் ஞாயிறு வேலை, அப்படித்தானே? அப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். திங்கள் முதல் சனி வரை மெட்ரோ காலை 5 மணிக்குத் தொடங்கும், ஞாயிறு மட்டும் 8 மணிக்குத்தான். உங்கள் பஞ்ச் நேரமே 8. ஆக ஞாயிறுக்கு மெட்ரோ இல்லாத தனித் திட்டம் வேண்டும்: பர்துபாய் பக்கமிருந்து அல் கூஸ் பஸ் ஸ்டேஷன் போகும் நேரடி பஸ்ஸை சுஹைலில் ஞாயிறு தேதி போட்டுத் தேடுங்கள். ஞாயிறு அட்டவணை மற்ற நாள் போல இருக்காது. இல்லையென்றால் அந்த ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து டாக்ஸி. சேரும் முன்பே ஆபீஸில் ஞாயிறு 9 மணிக்கு வரலாமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விடுகிறார்கள்.

கராமா_பார்க்:

ஷார்ஜாவுக்கு அல் குபைபாவிலிருந்து ஈ306, யூனியனிலிருந்து ஈ303, இரண்டும் ஜுபைல் பஸ் ஸ்டேஷன் போகும். துபாய் பஸ் என்பதால் நோல் கார்டே போதும், ஆனால் கட்டணம் நகரக் கட்டணத்தைவிட அதிகம், பேலன்ஸ் பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். மாலையில் வரிசை நீளம், அல் இத்திஹாத் சாலையில் நெரிசலும் சேர்ந்தால் மாமா வீட்டுச் சாப்பாடு ஆறிப்போகும். வெள்ளி காலையிலேயே கிளம்பிவிடுங்கள். அபுதாபி போனால் ஈ100 அல்லது இப்னு பதூதாவிலிருந்து ஈ101, 25 திர்ஹாம். அங்கே இறங்கியபின் நகர பஸ்ஸுக்கு ஹஃபிலாத் என்ற அபுதாபி பஸ் கார்டு தனியாக எடுக்க வேண்டும்.