புதுப்பிப்பு: கூடையில் இடித்த ரோபோ கை

என் ஆய்வுக்காக மண்டபம் ஊரில் வீட்டு மாடியில் வைத்திருக்கும் ஆறு மூட்டு ரோபோ கை, மீன் எடுக்கும்போது கூடை விளிம்பில் இடிக்கிறது என்று போன மாதம் புலம்பியிருந்தேன். இப்போது இடிப்பதில்லை. தப்பு என்னுடையதுதான்: கணினியில் இருக்கும் மாதிரியில் கூடையை நிஜ இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன்.

அப்புறம், அந்தப் புலம்பலுக்குப் பதிலாக நீங்கள் சொன்னபடி ஆர்ஆர்டி-கனெக்டுக்கு (RRT-Connect) மாறினேன். கை எதிலும் இடிக்காமல் போகும் பாதையைத் தேட, கஃப்னர், லவால் என்ற ஆய்வாளர்கள் 2000-இல் தந்த முறை. கை போகக்கூடிய வழிகள் மரம்போல் கிளை விடும்: தொடக்கத்திலிருந்து ஒரு மரம், இலக்கிலிருந்து ஒரு மரம். இரண்டும் ஒன்றையொன்று தேடி வளரும். பாதை சட்டென்று கிடைக்கிறது, ஆனால் கோணல்மாணலாக. குறுக்கே வெட்டி நேராக்க வேண்டியிருக்கிறது.

சரி, புதுச் சிக்கல் பிடியில். சங்கரா மீன் பரவாயில்லை, கணவாய் வழுக்கி விழுகிறது. மீன் பிரிக்கும் அக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "உடம்பப் பிடிக்காத தம்பி, தலையோரமாப் பிடி" என்றார். நாளை அதைத்தான் முயலப் போகிறேன்.